மறுநாள் பேசாமல் இருந்தது தவறா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒன்பது ஆண்டுகளாக ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறீர்கள். ஐந்து வாரங்களுக்கு முன்பு, தண்ணீரில் மூழ்கிய ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய், முடியாமல் திரும்பியிருக்கிறீர்கள். மறுநாள் குழுவினர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, கண்டதையும் அப்போது மனத்தில் தோன்றியதையும் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். உங்கள் முறை வந்தபோது நீங்கள் வாய் திறக்கவில்லை. “இப்போது கொட்டித் தீர்க்காவிட்டால் பின்னால் வெடிக்கும்” என்றார் ஒரு மூத்தவர். இன்று தூக்கம் நடுவில் கலைகிறது, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கிறது, சொந்தக் குழந்தையைக் குளிப்பாட்ட முடியவில்லை. அன்று பேசாததால்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வியும் அதில் இருக்கிறது: இந்த வேலைக்கு இனி நான் லாயக்குதானா?

நான் மருத்துவ உளவியலாளர். பதினேழு ஆண்டுப் பணியில் பாதிக்கு மேல் தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், காவலர்கள், அவசர அழைப்பை எடுக்கும் கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் ஆகியோரோடுதான் கழிந்திருக்கிறது. பத்து வரியைப் படித்துவிட்டு உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நேரில் பார்க்கும் ஒருவர்தான் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டதற்கு நேரடியாகப் பதில் உண்டு. இல்லை, அன்று பேசாததால் இது வரவில்லை. இதைத் தயங்காமல் சொல்வேன்.

அந்த வட்டக் கூட்டத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1983இல் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர் அந்த முறையை எழுதி வைத்தார். அவரே தீயணைப்பிலும் ஆம்புலன்ஸிலும் வேலை பார்த்தவர். ஊழியர்களைக் கவனிக்க யாருமில்லாத காலத்தில், அவர்கள் படுவதை உள்ளிருந்து கண்டு யோசித்தவர். ஏழு படிகள்: அறிமுகம், நடந்தது, நினைத்தது, உணர்ந்தது, அறிகுறிகள், விளக்கம், மீண்டும் பணிக்குத் திரும்புதல். நல்லெண்ணத்தில் பிறந்த முறை. நிர்வாகங்களுக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும், கோப்பில் ‘ஆதரவு வழங்கப்பட்டது’ என்று எழுதிவிடலாம். (இந்தக் கடைசி வாக்கியத்தில் என் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பிறகு அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, பிரிட்டனில் தீக்காயப்பட்ட நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இத்தகைய அமர்வை நடத்தினார்கள். பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அமர்வு பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 9 சதவீதத்தினருக்கும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு இருந்தது. அதாவது பி.டி.எஸ்.டி. அமர்வு பெற்ற பிரிவினருக்குத் தொடக்கத்திலேயே பாதிப்பு சற்று அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனவே அந்த ஒரே ஆய்வை வைத்து ‘பேச்சு விஷம்’ என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் 2002இல், மருத்துவ ஆதாரங்களைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, ஒரே அமர்வில் நடக்கும் இந்தப் பேச்சு கோளாறைத் தடுத்ததற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. இன்று உலகச் சுகாதார நிறுவனமும் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் தடுப்பு முறையாக இதைச் செய்ய வேண்டாம் என்றே கூறுகின்றன.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. மிட்செலின் முறை ஒன்றாக வேலை செய்யும் குழுக்களுக்கானது, தனி நோயாளிகளுக்கானது அல்ல. சோதித்ததே தவறான ஆட்களை வைத்து என்பார்கள். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியத் தன்னார்வத் தீயணைப்பாளர்களிடம் குழுவாகவே நடத்திப் பார்த்தார்கள். அமர்வில் இருந்தவர்கள் பின்னால் குறைவாகக் குடித்தார்கள், வாழ்க்கைத் தரம் சற்று மேலாக இருந்தது. அதிர்ச்சியின் அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே, நெருக்கமான குழு தானாக விரும்பிக் கூடிப் பேசுவதில் ஏதோ ஒரு நன்மை இருக்கலாம் என்பது இன்னும் தீராத வழக்கு. மறுநாளே எல்லோரையும் கட்டாயமாகப் பேசவைத்தால் கோளாறு வராது என்பது தீர்ந்துபோன வழக்கு. உங்கள் மூத்தவர் சொன்னது இந்த இரண்டாவதைத்தான்.

கட்டாயப் பேச்சு சிலருக்கு ஏன் கெடுதலாகிறது? இதில் என்னிடம் இருப்பது ஊகம்தான், அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு இன்னும் பதற்றத்திலேயே இருக்கும்போது காட்சியை மீண்டும் கிளறுகிறார்கள்; அது அடங்குவதற்குள் அமர்வு முடிந்துவிடுகிறது. தான் பார்க்காததையும் பக்கத்தில் இருப்பவர் வாயால் கேட்டுச் சுமந்துகொண்டு வீடு போகிறவரும் உண்டு. கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: “அதுவரை எனக்கு அந்தச் சம்பவம் ஒரு குரல்தான். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அதற்கு முகம் வந்துவிட்டது.”

எந்த நேரத்துக்கு யார் எங்கே நின்றார்கள், கருவி எப்போது கைக்கு வந்தது, அடுத்த முறை என்ன மாற்றலாம் என்று தொழில்முறையில் அலசுவது வேறு விஷயம். அதை விடவே கூடாது. பலருக்கு அதுவே பெரிய ஆறுதல். அது போக முதல் சில நாட்களுக்குத் தேவைப்படுவது எளிமையானது: அன்றைய ஷிப்டிலிருந்து கொஞ்சம் விடுப்பு, வயிற்றுக்குச் சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுபோய்விட ஒரு ஆள், இரண்டு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று சொற்களில் இதை அடக்குகிறது: பார், கேள், இணை. அதில் ‘கேள்’ என்பது அவர் சொல்ல விரும்பினால் காது கொடு என்பதுதான்; தோண்டித் துருவு என்பதல்ல.

இப்போது உங்கள் அறிகுறிகளுக்கு வருகிறேன். இத்தகைய நிகழ்வுக்குப் பின் முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், காட்சி கண்முன் வந்து நிற்பதும், சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் பெரும்பாலோருக்கு நடப்பதுதான். பெரும்பாலோருக்கு அது தானாக வடிந்தும் விடுகிறது. மருத்துவர்கள் நான்கு பக்கமாகப் பார்ப்பார்கள்: வேண்டாமலே வந்து மோதும் நினைவுகள், அவற்றைத் தூண்டும் எதையும் தவிர்ப்பது, மனம் மரத்துப்போவதும் தன்மேல் பழி போட்டுக்கொள்வதும், எந்நேரமும் உஷாராகவே இருக்கும் உடம்பு. இந்த நான்கும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையோ வீட்டையோ குலைத்தால்தான் பி.டி.எஸ்.டி. என்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒரு மாதம் வரை இருப்பதற்குத் தனிப் பெயர் உண்டு: கடும் மனஅழுத்தக் கோளாறு. நீங்கள் ஐந்தாவது வாரத்தில் இருக்கிறீர்கள். அந்த ஒரு மாத எல்லையை இப்போதுதான் தாண்டியிருக்கிறீர்கள். ‘இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்’ என்பது மூன்று வாரத்துக்கு முன்பு சரியான யோசனை. இன்று சரியல்ல.

‘எனக்கொன்றும் அடிபடவில்லையே, செத்தது என் குழந்தை இல்லையே’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் துறையில் எல்லோரும் சொல்வது அது. 1980இல் இந்தக் கோளாறு முதன்முதலாக அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இடம்பெற்றது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, மனித உடல் எச்சங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களை உதாரணமாகவே காட்டி, வேலையின் பகுதியாக இத்தகைய கொடூரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் காரணமாகலாம் என்று வெளிப்படையாக எழுதியது. உங்களுக்கு அடிபட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. 2012இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு உலகெங்கும் உள்ள மீட்புப் பணியாளர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது; ஆம்புலன்ஸ்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். இந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள். வினாத்தாளை நிரப்பச் சொல்லி எடுக்கும் கணக்கு, நேரில் உட்கார்ந்து பேசி எடுக்கும் கணக்கைவிட ஏறித்தான் வரும். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் விதிவிலக்கு அல்ல. உங்கள் ஓய்வறையில் உட்காருபவர்களில் இன்னும் ஒருவராவது இதே நிலையில் இருக்கக்கூடும்.

யாருக்கு வரும், யாருக்கு வராது? இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு லண்டனில் ஆம்புலன்ஸ் பயிற்சியில் சேர்ந்த 386 மாணவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது; 2016இல் வெளிவந்தது. பின்னால் பி.டி.எஸ்.டி. வருமா என்பதை முன்கூட்டிக் காட்டியது மனத்திடம் அல்ல. பயிற்சி தொடங்கும்போதே பழைய கசப்பான நினைவுகளை அசைபோடும் பழக்கம் இருந்ததா என்பதுதான். நினைப்பது வேறு, அசைபோடுவது வேறு. ‘அன்று குழந்தையின் கை சில்லென்று இருந்தது’ என்பது நினைவு. ‘ஏன் அந்தத் திருப்பத்தில் வேகம் குறைத்தோம், இரண்டு நிமிடம் முன்னால் போயிருந்தால்’ என்பது அசை. அதற்குப் பதில் கிடையாது. பதில் கிடையாததால்தான் மனம் அதை விடுவதில்லை. அப்படி ஓடத் தொடங்கியதும், ‘நான் இப்போது யோசிக்கிறேனா, சுற்றுகிறேனா?’ என்று உங்களையே கேட்டுவிட்டு எழுந்து கை கால் அசைகிற ஒரு வேலையில் இறங்குங்கள். சின்ன உத்திதான். பலருக்குக் கை கொடுத்திருக்கிறது, எல்லோருக்கும் அல்ல.

சிகிச்சைதான் நான் உறுதியோடு பேசக்கூடிய இடம். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை), ஈ.எம்.டி.ஆர். என்ற கண்ணசைவு முறைக்கும் ஆதாரம் வலுவாக இருக்கிறது. பொதுவாக எட்டிலிருந்து பன்னிரண்டு அமர்வுகள். ஒரே நிகழ்வைத் தாண்டி ஒன்பது ஆண்டுக் குவியலே இருந்தால் இன்னும் கூடலாம். ஈ.எம்.டி.ஆரில் கண்ணை அசைப்பதுதான் வேலை செய்கிறதா, அல்லது நினைவை நேருக்கு நேர் சந்திப்பதா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பலன் உண்டு, காரணம்தான் தகராறு. மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின், பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் போன்றவற்றை மனநல மருத்துவர் யோசிப்பார். தூக்கத்துக்காக டயஸெபாம் வகை மாத்திரையைக் கைமாற்றாக வாங்கிப் போட்டுக்கொள்வது உங்கள் துறையில் புதிதல்ல என்று எனக்குத் தெரியும். செய்யாதீர்கள். அதிர்ச்சிக்குப் பின் முதல் மாதத்தில் அதைக் கொடுக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013லேயே சொல்லிவிட்டது; அதன் பிறகும் அது கோளாறைக் குணப்படுத்துவதில்லை, பழக்கத்தைத்தான் விட்டுச்செல்கிறது. மதுவும் அப்படித்தான்: தூங்கவைக்கும், மூன்று மணிக்கு எழுப்பிவிடும்.

‘மறுநாள் பேசுவது உதவாது என்கிறீர்கள், சிகிச்சையிலும் பேசத்தானே சொல்கிறீர்கள்?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். வேறுபாடு பெரிது. சிகிச்சையில் வேகம் உங்கள் கையில் இருக்கும். ஒரே காட்சிக்குத் திரும்பத் திரும்பப் போவீர்கள், ஒவ்வொரு முறையும் பதற்றம் இறங்கும்வரை அங்கேயே இருப்பீர்கள். நடுவில் எங்கோ ஒரு விவரம் அகப்படும். ஒரு தீயணைப்பு வீரர் எட்டு மாதமாக ‘நான் கதவை உடைக்கத் தாமதித்தேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவது அமர்வில், கண்ணை மூடியபடி நிமிடம் நிமிடமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் திடீரென நிறுத்தினார். “கதவு சூடாக இருந்தது. உடைக்காதே என்று பின்னாலிருந்து தலைவர் கத்தினார். நான் தாமதிக்கவில்லை, நிறுத்தப்பட்டேன்.” அந்தக் கத்தல் நினைவிலேயே இருந்தது, ஆனால் மீதிக் காட்சியோடு ஒட்டாமல் கிடந்தது. அதற்கு முன் அவர் அந்தக் கதையை யாரிடமும் முழுதாகச் சொன்னதே இல்லை. சூடான கதவு வரும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்.

எல்லாக் குற்ற உணர்வும் இப்படி ஒரு விவரத்தில் கரைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சிலர் உண்மையிலேயே பிழை செய்திருப்பார்கள். சிலருக்குக் காட்சியைவிட, பழுதான கருவியோடு அனுப்பிய நிர்வாகத்தின் மேல் உள்ள கசப்புதான் புண். அச்சத்துக்கான சிகிச்சை அந்தப் புண்ணை எவ்வளவு தூரம் ஆற்றும் என்பதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் பார்த்தவரை, நிர்வாகம் ஒரு முறையாவது ‘தவறு எங்களுடையது’ என்று சொன்ன இடங்களில் சீக்கிரம் ஆறியது.

இதனால்தான் தனிமனிதத் திடத்தைப் பற்றிய பயிற்சி வகுப்புகள்மேல் எனக்குப் பெரிய மோகம் இல்லை. 2000இல் வந்த ஒரு புகழ்பெற்ற தொகுப்பாய்வு, நிகழ்வுக்கு முன் அந்த ஆள் எப்படிப்பட்டவராக இருந்தார் என்பதைவிட, நிகழ்வுக்குப் பின் அவருக்கு ஆதரவு கிடைத்ததா, வாழ்க்கையில் வேறு சுமைகள் சேர்ந்தனவா என்பதே அதிகம் தீர்மானிக்கிறது என்று காட்டியது. 2017இல் வெளிவந்த இன்னொரு ஆய்வுக்காக, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில், ஊழியர்களுக்கு அல்ல, அவர்களின் மேலாளர்களுக்கு நான்கு மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள்: உடல்நலமில்லாத ஊழியரிடம் எப்படிப் பேசுவது, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அவர்களுக்குக் கீழே இருந்தவர்கள் வேலை காரணமாக எடுத்த நோய் விடுப்பு குறைந்தது. நான்கு மணி நேரம்!

வேலை போய்விடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். ‘ஒன்றும் ஆகாது’ என்று நான் உறுதி கொடுத்தால் அது பொய். ரகசியக் காப்பு விதிகள் இடத்துக்கு இடம், துறைக்குத் துறை மாறுகின்றன. வாகனம் ஓட்டுபவருக்கும் ஆயுதம் வைத்திருப்பவருக்கும் கூடுதல் விதிகள் இருக்கலாம். எனவே நிர்வாகம் ஏற்பாடு செய்த ஆலோசகரிடம் போனால், உட்கார்ந்ததும் முதல் கேள்வியாகக் கேளுங்கள்: நான் சொல்வதில் எது, எந்தச் சூழலில், யாருக்குப் போகும்? எழுத்தில் தரச் சொல்லுங்கள். பதில் வழவழவென்று இருந்தால் வெளியில் ஒருவரைப் பாருங்கள். அவரிடமும், அதிர்ச்சிக்கான சிகிச்சையில் முறையாகப் பயிற்சி பெற்றவரா, உங்களைப் போன்ற பணியில் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். முதல் அமர்வில் சம்பவத்தைக் கேட்டு ஆலோசகர் அழுதுவிட்டதால், தானே அவரைத் தேற்றிவிட்டு வந்து, அதன்பிறகு ஆறு ஆண்டுகள் யாரிடமும் போகாத ஒரு காவலரை எனக்குத் தெரியும். சகஊழியர் ஆதரவுக் குழு உங்கள் துறையில் இருந்தால் அதுவும் ஒரு வாசல். கோளாறை அது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் மெலிந்தது; ஆனால் ‘எனக்கும் இப்படி இருந்தது, இன்னாரிடம் போனேன்’ என்று சீருடைக்காரர் ஒருவர் சொல்வதற்கு உள்ள மதிப்பு என் பட்டங்களுக்கு இல்லை.

நான் பார்த்தவர்களில் பலர் சிகிச்சைக்குப் பின் அதே வண்டியில் ஏறினார்கள். சிலர் கட்டுப்பாட்டு அறைக்கோ பயிற்சிப் பள்ளிக்கோ மாறினார்கள். இரண்டுமே நன்றாகத்தான் போயின. நீங்கள் எந்தப் பக்கம் போவீர்கள் என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். தூக்கமில்லாத ஐந்தாவது வாரம் ராஜினாமாக் கடிதம் எழுதும் நேரமல்ல. ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது: செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அடுத்த சந்திப்பு நாள் வரை தள்ளாமல் அன்றே மருத்துவமனைக்கோ உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போய்விடுங்கள்; தனியாக இருக்காதீர்கள். உங்களுக்கு மருந்தும் மருந்தளவும் கைவசம் தெரியும் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

கடைசியாக, வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் குழந்தையைப் பற்றிய விவரம் எதுவும் வேண்டியதில்லை. ‘ஒரு கேஸுக்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சிகிச்சைக்குப் போகப் போகிறேன், உன் மேலோ பிள்ளை மேலோ கோபமில்லை’ என்பது போதும். இல்லையென்றால் உங்கள் மௌனத்துக்கு அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள், அது பெரும்பாலும் தவறான காரணமாக இருக்கும். குளிப்பாட்டும் பொறுப்பை இப்போதைக்கு அவர்களிடமே விடுங்கள். ஆனால் அந்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே போகாதீர்கள். பக்கத்து அறையில் உட்காருங்கள். அது பழகியபின் குளியலறைக் கதவருகே துண்டோடு நில்லுங்கள். உள்ளே எப்போது போவது என்பதை சிகிச்சையாளரோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.